எதிர் டீம் கோலுக்குக் கை தட்டிய உன் அப்பா

ராயப்பேட்டை
சனிக்கிழமை

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் கால் வீக்கத்தையும் அவருடைய முட்டியையும் சேர்க்காமல் சொன்னால். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, அடிபடாமல், நல்ல தூக்கம் தூங்கி எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். என்னடி இது, போன் இருக்கும்போது அம்மா காகிதமும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய், எழுதினதை அப்படி வைக்க முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும், கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய். கீழ் வீட்டு ஹாஜிரா பீயின் பேத்தி ஜுவேரியாவுக்கு நீ இருக்கும் புவனேஸ்வரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, நாளைக்கு ரயில் ஏறுகிறாள். அவள் கையில் இந்தக் கடிதமும் பருப்புப் பொடியும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பெண்ணுக்கு அங்கே யாரையும் தெரியாது, லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வா.

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "உண்மைய சொல்லும்மா, அப்பா காசு வாங்கினாரா?" நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அதற்கப்புறம் நம் வீட்டுக் குரூப்பிலிருந்தும் நீ வெளியே போய்விட்டாய். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "தமிழுக்கு அங்க நெட்டு சரியில்ல போல, தானா வெளிய வந்துடிச்சு" என்று என்னிடம் சொன்னார். அது தானாக நடக்காது என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். நானும் ஆமாம், நெட்டு சரியில்லை என்றேன். உன் கேள்விக்குப் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன், கடைசி வரைக்கும் இழுக்க மாட்டேன். வாங்கவில்லை. நானும் அதே கேள்வியை அவரிடம் கேட்டவள்தான், நான் கேட்காமல் வேறு யார் கேட்பது. திங்கட்கிழமை காலை அந்த வீடியோ என் போனுக்கு வந்ததும் பல் விளக்கிக்கொண்டிருந்தவரை நிறுத்தி "வாங்கினியா?" என்றேன். நுரையோடு என்னைப் பார்த்தார், கொப்பளித்துத் துப்பினார், "இல்ல" என்றார். அவ்வளவுதான். உன் அப்பா பொய் சொன்னால் நீளமாகச் சொல்வார், அது எனக்குக் கல்யாணமான முதல் வருஷத்திலேயே தெரியும். உன் கோபமும் எனக்குப் புரியாமல் இல்லை. உன் கால்பந்து டீம் ரூமில் மற்றப் பெண்கள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என்ன பேசியிருப்பார்கள், பாஷை தெரியாத ஊரிலும் கை தட்டுவது எல்லோருக்கும் புரியுமே. ஆனால் அந்த வீடியோவில் இருப்பது உன் அப்பாவின் இரண்டு கைகள் மட்டும்தான். மீதியை நான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் தி.நகர் பேச்சியம்மாள் சில்க்ஸின் சின்ன முதலாளி பாலகணேஷ் ஒரு கால்பந்து கிளப் வாங்கியதும், என் மூலமாக உன் அப்பாவை அதற்குக் கோச்சாகப் போட்டதும் நீ இங்கே இருந்தபோதே நடந்தது. அது முன்பு யாருடைய கிளப் என்று அங்கே இருக்கும் உன் தோழிகளுக்குத் தெரியாது, நீ சொல். அடையாற்றுக் கரையில் உன் அப்பா பிறந்த குடிசைப் பகுதியில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டினவர்களும் பெயின்ட் அடித்தவர்களும் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது, உன் அப்பா முதன்முதலாக பூட்ஸ் போட்டது அதற்காகத்தான். வெள்ளம் வந்த பிறகு கரையோரத்து வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். உன் பெரியப்பா வீடும் போயிற்று. கிளப்புக்கு இரண்டாவது டிவிஷனில் ஒரு இடம் மட்டும் மிச்சம் இருந்தது, ஆட ஆளில்லை. அந்த இடத்தைத்தான் பாலகணேஷ் வாங்கி, பெயரை மாற்றி, சட்டையில் அவர் பாட்டி பெயரைப் போட்டார். இப்போது அடையாறு, மயிலாப்பூர்ப் பிள்ளைகள் காரில் வந்து இறங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். நன்றாக ஆடுகிற ஏழைப் பையன்களும் இருக்கிறார்கள், ஆனால் லீக் மேட்சில் பீஸ் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கட்டாயம் இறங்க வேண்டும், அது எழுதப்படாத சட்டம். உன் அப்பா அதற்கும் வாயைத் திறக்கவில்லை, இந்த வயதில் மாசம் பிறந்தால் சம்பளம் வரும் என்பது அவருக்குப் புதிய அனுபவம்.

போன ஞாயிறு சீசனின் கடைசி மேட்ச். டிரா செய்தால் போதும், டிவிஷனில் நிற்கலாம், தோற்றால் கீழே போக வேண்டும். எதிர் டீம் யார் தெரியுமா, பெரும்பாக்கத்துப் பையன்கள். எழில் நகர் என்று பெயர் வைத்து ஐந்தாவது டிவிஷனிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறார்கள். மேட்ச் முடியப் போகிற நேரத்தில் அவர்கள் டீமில் சேரன் என்று ஒரு பையன், பகலில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறானாம், அவன் ஒரு கோல் அடித்தான். நம் பெஞ்சில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் அப்பா மட்டும் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கை தட்டினார். பக்கத்தில் இருந்த கோல்கீப்பர் கோச் பிரபு பேன்ட்டைப் பிடித்து இழுத்து, "இன்னா நைனா பண்ற, அது அவனுங்க கோலு" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாராம். அதற்குள் கேலரியில் இருந்த ஒரு அப்பா, காரில் வருகிற அப்பாக்களில் ஒருவர், படம் பிடித்துவிட்டார். அவருடைய பையன்தான் அந்தச் சேரனைத் தவறவிட்ட டிஃபென்டர் என்பதை அவர் படம் பிடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் "கோச் மேட்ச வித்துட்டான்" என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இது யாருக்கும் நம்பும்படியாக இல்லை என்பது எனக்கும் தெரியும். ஒரு கோச் தன் டீம் வாங்கின கோலுக்குக் கை தட்டுவானா? நானே முதலில் நம்பவில்லை. கீழே ஹாஜிரா பீதான் வீடியோவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதுல இன்னாம்மா அதிசயம், என் புள்ள நிக்காவுல என் பக்கத்துல உக்காந்து துன்னுகினே, போன வாரம் எதிர்வூட்டு நிக்கா பிரியாணி இத்தவிட சோக்கா இருந்திச்சுன்னு சொன்ன ஆளு உன் வூட்டுக்காரரு. இவரு காசு வாங்கிகினு கை தட்டுவாரா? காசு வாங்கினவன் கைய கட்டிகினு இல்ல குந்தியிருப்பான்!" என்றார். எனக்கு அப்போதுதான் மூளையில் உறைத்தது. மேட்சை விற்றவன் ஊர் பார்க்க எழுந்து நின்று கை தட்டுவானா? இவ்வளவு படித்தவர்கள் இருக்கிற கிளப்பில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. தோன்றாது, ஏனென்றால் அவர்களுக்கு வேறொன்று முதலிலேயே தோன்றிவிட்டது. கடை மேனேஜர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார், "அந்தப் பையன் பெரும்பாக்கம், உங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீடும் பெரும்பாக்கம், அப்புறம் என்னம்மா?" என்று. அங்கே எத்தனை பிளாக், எத்தனை ஆயிரம் வீடு, எந்த பிளாக் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினதும் இவர்கள்தான், ஒரே இடத்துக்காரர்கள் என்று சந்தேகப்படுவதும் இவர்கள்தான். அதே நாள் காலையில் மயிலாப்பூரில் ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு பேர் எதிரெதிர் டீமில் ஆடினார்கள், அதை யாராவது கேட்டார்களா?

குக்கர் விசில் அடித்தது, அணைத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? உன் அப்பாவைக் "காசுக்கு ஆடுறவன்" என்று கிரவுண்டில் சொல்வதைச் சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய், அதனால்தான் உனக்கும் அந்தச் சந்தேகம் இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று நினைக்கிறேன். ஆமாம், காசுக்குத்தான் ஆடினார். நான் காசுக்குப் புடவை விற்கிறேன், நீ காசுக்கு அங்கே ஆடுகிறாய். எனக்குக் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை பேங்கில் இருக்கிறார் என்று என் அப்பாவிடம் சொன்னார்கள். பேங்க் டீமில் இருந்தார். பேங்க் உள்ளே அவர் போனது மாதா மாதம் ஸ்டைபண்டு வாங்க மட்டும்தான். அடுத்த வருஷம் பர்மனென்ட் என்றார்கள், அந்த அடுத்த வருஷத்தில் இருந்த இரண்டு இடத்துக்கும் வேறு பையன்கள் வந்தார்கள். அப்புறம் துறைமுகத்து டீம், அங்கேயும் அடுத்த வருஷம். அப்புறம் ஒரு கம்பெனி, அவர்கள் ஆட்குறைப்பு செய்தபோது முதலில் குறைத்தது கால்பந்து டீமை. கோவாவுக்கு ஒரு சீசன் போனார், கேரளாவுக்கு நாலு சீசன். நீ கைக்குழந்தை, நான் பால் பவுடர் டின்னைத் தட்டிக்கொண்டு இங்கே இருக்கிறேன், இவர் மலப்புறம் பக்கம் அறுத்த வயலில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் இன்றைக்கு ஒரு ஊருக்கு, நாளைக்கு அதே ஊருக்கு எதிராக. அங்கே அவருக்கு மெட்ராஸ் வேலு என்று பெயர். இங்கே கும்பிடு வேலு. பழைய டீமுக்கு எதிராகக் கோல் அடித்தால் ஆடிப்பாடாமல் அவர்கள் பெஞ்சைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார், சாப்பாடு போட்ட டீம் என்று. கடைசியில் லீக்கில் அவர் ஆடாத டீமே இல்லை என்றாகி, எந்தக் கோல் அடித்தாலும் கும்பிட வேண்டியதாயிற்று. அவ்வளவு டீமிலும் ஒருத்தனும் அவரை மேட்சை விற்றான் என்று சொன்னதில்லை. காசுக்கு ஆடுவது வேறு, காசுக்கு ஆடாமல் இருப்பது வேறு. இதை நீ உன் ரூம் பெண்களுக்கு உனக்குத் தெரிந்த இந்தியில் எப்படியாவது சொல்.

முட்டி போன பிறகு மற்றவர்கள் மாதிரி ஆட்டோ ஓட்டப் போயிருக்கலாம். கோச் ஆகிறேன் என்று நின்றார். லைசென்ஸ் கோர்ஸில் இங்கிலீஷ் பாடத்தை நீதான் தமிழில் சொல்லிக் கொடுத்தாய், உனக்கு நினைவிருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அவர் கோச் ஆனாரே தவிர ஸ்ட்ரைக்கராக இருப்பதை விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பந்து கோலுக்கு முன்னாலிருக்கும் பெட்டிக்குள் வந்தால் கால் தானாக உதைக்கும், தண்ணீர் பாட்டில்கள் உருளும். நம் டீம் அடிக்கிறதா, எதிர் டீம் அடிக்கிறதா என்று அந்தக் காலுக்குத் தெரியாது. அன்றைக்கு அது கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. கோச்சாக இது தப்பு. தப்பு என்று நானும் சொல்கிறேன். திட்டலாம், ஒரு மாத சம்பளத்தைப் பிடிக்கலாம். திருடன் என்று சொல்லக் கூடாது.

புதன்கிழமை பாலகணேஷ் அவரைக் கடைக்கு அழைத்தார், ஐந்தாவது மாடியில் ஏசி ரூம். நான் இரண்டாவது மாடியில் தீபாவளிக் கூட்டத்துக்குப் பட்டுப் புடவை பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இவர் லிப்டில் ஏறாமல் படியில் ஏறிப் போவதைப் பார்த்தேன், என்னைப் பார்க்கவில்லை. அங்கே கேட்டது இதுதான். கால்பந்து சங்கத்தில் வெள்ளிக்கிழமை விசாரணை. மேட்சுக்கு முந்தின நாள் அந்தச் சேரன் வந்து காசு கொடுக்கப் பார்த்தான், நான் வாங்கவில்லை, பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை என்று உன் அப்பா அங்கே சொல்லிவிட வேண்டும். சொன்னால் மேட்ச் செல்லாது, திரும்ப ஆடலாம், டிவிஷனில் நிற்கலாம். உன் அப்பாவுக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும், வேலையும் இருக்கும். சேரனுக்குத் தடை. சொல்லாவிட்டால் கிளப்பே எங்கள் கோச் மேட்சை விற்றுவிட்டார் என்று எழுதிக் கொடுக்கும். பாலகணேஷ் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். சம்பளத்தை ஒரு நாள் தள்ளினதில்லை, முட்டிக்கு ஸ்கேன் எடுத்துக் கொடுத்தார், மழையிலும் காலையில் கிரவுண்டுக்கு வந்து நிற்கிறவர். மறுநாள் என்னையும் மேலே அழைத்து, அவர்கள் வீட்டு ஊர்ப் பேச்சில் மெதுவாகச் சொன்னார், "அக்கா, நான் அவர மாட்டிவிடல, காப்பாத்தத்தான் பாக்கேன். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு." அவருக்கு அது உண்மையிலேயே உதவி என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பையனும் ஒரு ஆள் என்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நான் கீழே வந்துவிட்டேன். அன்று முழுக்கக் கஸ்டமர் ஒரு கலர் கேட்டால் வேறு கலர் புடவையைக் காட்டினேன். உட்காருவதற்கு ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்து ஸ்டூலும் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு நிற்பதே மேல். நின்றுகொண்டே யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து நான் என்ன சொன்னேன் என்பதையும் உனக்கு மறைக்க மாட்டேன். சொல்லிவிடு என்றேன். "யோவ், உனக்கு அவன் யாரு, மாமனா மச்சானா? அவனுக்கு வயசிருக்கு, வேற ஏதாவது பண்ணிக்குவான். உனக்கு இதவிட்டா இன்னா இருக்கு? நீ போனா என்னையும் கடையில வெச்சிருப்பாங்களா?" என்று கத்தினேன். கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும். இப்படிச் சொன்னதில் எனக்கு வெட்கமில்லை தமிழ், வாடகை வீட்டில் இருந்துகொண்டு வெட்கப்பட எனக்கு வசதியில்லை. அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அது நல்ல கோலு, ஜோதி" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கியிருப்பேன். நல்ல கோலாக இருந்தால் எடுத்து வந்து குழம்பு வை என்றேன். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார், "காசு குடுத்தான்னு நான் சொல்லிட்டா, அந்தக் கோலு இன்னா ஆவுறது? அத்த அடிச்சது பொய்யின்னு ஆயிடும்ல. நமக்குத்தான் எங்கியும் பர்மனென்ட் ஆவல. அடிச்ச கோலாவது அடிச்சவனுக்குப் பர்மனென்ட்டா கெடக்கட்டுமே." இவ்வளவு வருஷத்தில் அந்தப் பர்மனென்ட் என்கிற வார்த்தையை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் சொல்லிச் சொல்லித் திட்டுவேன், அவர் கேட்டுக்கொண்டு பூட்ஸுக்கு எண்ணெய் போடுவார். சம்மதம் என்று நான் சொல்லவில்லை. ரசம் ஊற்றினேன்.

நேற்று விசாரணைக்குப் பிரபுவைக் கூட அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து பிரபுதான் நம் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். கமிட்டியில் மூன்று பேர், அதில் இருவர் இவரோடு ஆடினவர்கள், இவரிடம் கும்பிடு வாங்கினவர்கள். காசு யாராவது கொடுத்தார்களா என்று கேட்டார்களாம். "யாரும் குடுக்கல சார், அந்தப் பையன அதுக்கு முன்னால நான் பாத்ததே இல்ல. கை தட்டினது நான்தான்" என்றாராம். அப்படியானால் ஏன் தட்டினாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கேதான் ஆரம்பித்தது. "சார், அவன் நின்ன எடம் பாத்தீங்களா?" என்று எழுந்துவிட்டார். ஒரு நாற்காலியை இழுத்து டிஃபென்டராகப் போட்டார், இன்னொன்றை இந்தப் பக்கம், சேர்மன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து கோல்கீப்பராக நிறுத்தினார். பந்து எங்கிருந்து வந்தது என்று காட்ட ரூம் ஓரத்துக்கு நடந்தார். "அக்கா, கோலுக்கு முதுகு காட்டிகினு நின்னு, இப்பத்தான் திரும்பப் போறாரு, சேர்மன் மேசைய தட்றாரு, யோவ் கும்பிடு, இது விசாரணைய்யா, கோச்சிங் கேம்ப் இல்ல, குந்துன்னு. இவரு பாதி திரும்பின மேனிக்கு அப்பிடியே நிக்கிறாரு" என்று பிரபு சொல்லிச் சிரித்தான். சிரித்தவன் அப்புறம் சிரிக்கவில்லை. நாற்காலிகளை இவரே எடுத்துப் பழைய இடத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தாராம். இரண்டு வாரத்தில் முடிவு சொல்வார்களாம், அதுவரைக்கும் கிரவுண்டுக்குள் காலடி வைக்கக் கூடாது. பாலகணேஷ் வெளியே வந்து, "கோச், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனாராம். எங்களுக்கு அர்த்தம் தெரியும். இன்று காலை நான் கடைக்குப் போனதும் என்னைப் பட்டுப் பிரிவிலிருந்து எடுத்துக் கீழே குடோனில் மடிக்கிற வேலைக்குப் போட்டார்கள். யார் சொல்லி என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மதியத்தோடு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை போவேன், மடிப்பேன். போகச் சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம், தி.நகரில் புடவைக் கடைக்கா பஞ்சம்.

நீ எங்களுக்காகப் பயந்து அங்கே ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் காண்டிராக்டும் இந்த சீசனோடு முடிகிறது என்று சொன்னாய். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று யாராவது வாயால் சொன்னால் சிரித்துக்கொண்டு வராதே, எழுதிக் கொடுக்கச் சொல், பெண் பிள்ளை அதிகம் பேசுகிறாள் என்று சொன்னால் சொல்லட்டும். சேரனுக்கு ஏதோ ஒரு ஆபீஸ் டீமில் டிரையல் வந்திருக்கிறதாம், பிரபு சொன்னான். அவனுக்கும் அடுத்த வருஷம் என்று சொல்வார்களோ என்னவோ. அவன் நல்லா இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன், அவனை நினைத்தால் ஆத்திரமும் வருகிறது, இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

இன்று விடியும்போதே உன் அப்பா பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று கேட்டதற்கு சும்மா என்றார். ஊரூர் குப்பத்திலிருந்து ஆரோக்கியமேரி, நமக்குக் கருவாடு கொடுப்பாளே, அவள் போன் செய்தாள். "அக்கா, உன் வூட்டுக்காரரு கரையில படகாண்ட தனியா நின்னுகினு காத்த ஒதைச்சிகினுகீறாரு. முதுகக் காட்டி நிக்கிறாரு, திரும்புறாரு, ஒதைக்கிறாரு, மறுபடி மொதல்லேர்ந்து. வலை கட்றவனுங்க எல்லாம் பாத்து சிரிக்கிறானுங்க, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, விட்டுவிடு என்றேன். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. விற்றாயா, வாங்கினாயா, ஏன் தட்டினாய் என்று நான் கேட்டேன், முதலாளி கேட்டார், கமிட்டி கேட்டது, நீயும் கேட்டாய். அது எப்படிப்பட்ட கோல் என்று இன்று வரைக்கும் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்கலாம். ஆனால் எனக்கு இன்னும் ஆஃப்சைடே புரியாது, பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன், அது அவருக்கும் தெரியும். நீ ஸ்ட்ரைக்கர். உனக்குப் புரியும்.

அவராக உனக்குப் போன் செய்ய மாட்டார். நீயும் அந்தப் பழியை நம்பிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் இல்லை என்று சொல்ல முடியாமல் இருக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்காதே, கேட்டால் அவருக்குக் கூச்சமாகிவிடும், போனை என்னிடம் கொடுத்துவிடுவார். காசைப் பற்றியும் பேசாதே. "அந்தக் கோலு எப்பிடிப்பா?" என்று மட்டும் கேள். வீடியோ காலாகவே போடு, வாயால் மட்டும் சொல்ல அவருக்கு வராது. நம் ஹாலில் இடமில்லை, நான் கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் வைத்துவிடுகிறேன்.

கருவாட்டை மூடி இறுக்கமான டப்பாவில் வை, ரூமில் மற்றவர்கள் முகம் சுளிக்கக் கூடாது. கணுக்காலுக்குக் கட்டுப் போடாமல் பயிற்சிக்கு இறங்காதே. எந்த ஊரில் யாருக்காக ஆடினாலும் உன் கால் உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ நல்லா இரு, நிறைய கோல் அடி. பதில் எழுத வேண்டாம், இது கைக்கு வந்த அன்றைக்கே சாயங்காலம் கூப்பிடு, நான் ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன், அவர் எப்போதும் இருப்பார்.

உன் அம்மா,
வே. ஜோதிலட்சுமி